வலது வளைவில் மட்டும்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். கையில் ஸ்பேனர் இருந்தால் அதை உடனே மேஜை மேல் வைத்துவிடுவேன். "கையில இரும்பை வெச்சுக்கிட்டுப் பேசாதே" என்று கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பேச்சு அதுதான். அந்தச் சனிக்கிழமை காலை எலும்பு டாக்டர் நீட்டிய கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் மேஜை மேல் இரண்டு ஸ்பேனரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் சேர்ந்துவிட்டன.

கடிதம் ஷோரூமிலிருந்து வந்திருந்தது. டாக்டரின் வண்டியில் வெளிப் பட்டறை ஒன்று ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸின் ஆயிலை மாற்றியதால் உள்ளே பழுதாகிவிட்டதாம். முழு கியர் பாக்ஸையும் மாற்றினால்தான் உண்டாம். ஆயுளுக்கும் போதுமான ஆயிலை யாரும் மாற்றத் தேவையில்லை என்று ஓர் அறிவுரை வேறு. கீழே சர்வீஸ் மேனேஜரின் கையெழுத்து.

அந்தக் கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். அவருக்குக் கீழே ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள் நான். கியர் பாக்ஸ் ஆயில் வண்டியின் ஆயுளுக்கும் போதும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார் என்பதால் எங்களுக்குள் அவர் பெயர் ஆயுள் சார். எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய ஒரு வண்டியின் ஆயிலை ஒருநாள் பாட்டிலில் பிடித்து அவர் மேஜையில் வைத்தேன். தார் மாதிரி இருந்தது. "ஆயுள்னா யாரோட ஆயுள் சார், வண்டியோடதா, வாரண்டியோடதா?" என்று கேட்டேன். அடுத்த மாதம் சொந்தமாகப் பட்டறை வைத்தேன். வைக்க வேண்டியதாகிவிட்டது.

பட்டறையில் நானும் என் நாத்தனாரும்தான். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் தவிர வேறெதையும் தொடமாட்டோம். கியர் பாக்ஸின் உடம்பைப் பார்ப்பது நான், ஸ்கேனரை மாட்டி அதன் மூளையோடு பேசுவது அவள். ஊரில் விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் நாற்பது பேர் சேர்ந்து ஒரு கிளப் நடத்துகிறார்கள். அவர்களில் பாதிக்கு மேல் எங்களிடம் வருகிறவர்கள். அந்த நாற்பது பேரை விட்டால் எங்களுக்குப் பிழைப்பு இல்லை.

"இதோட காப்பி ஒண்ணு கிளப் செயலாளருக்கும் போயிருக்கு," என்றார் டாக்டர். "நாளைக்கு மலையேத்தப் போட்டி முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் படிக்கப் போறாங்க. நான் உங்க மேல புகார் குடுக்கல. வண்டி உதைக்குதுன்னு ஷோரூம்ல காட்டினேன், அவங்க இதை எழுதிட்டாங்க."

"வண்டி உதைக்குதுன்னா என்கிட்டதானே முதல்ல வந்திருக்கணும்?"

"வந்தேன். வியாழக்கிழமை. நீங்க யாரோடவோ சண்டை போட்டுக்கிட்டிருந்தீங்க, திரும்பிப் போயிட்டேன்."

அது உண்மைதான். வியாழக்கிழமை உதிரிபாகக் கடைக்காரரோடு.

எலும்பு டாக்டர் ஒல்லியான மனுஷி, ஐம்பதைத் தாண்டியவர், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். அவருடைய வண்டி கருஞ்சிவப்பு நிறம், இரண்டு கதவு, எட்டு கியர். பதினோரு நாளைக்கு முன்னால் நான்தான் அதற்கு ஆயில் மாற்றினேன். அதற்குப் பிறகு ஸ்போர்ட் மோடில் மலை ஏறும்போது சில இடங்களில் திடீரென்று பிடி விட்டுப்போகிறது, இஞ்சின் சும்மா அலறுகிறது, அடுத்த நொடி பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல கியர் விழுகிறது என்றார்.

"இன்னைக்கு ஒரு நாள் உங்களுக்கு இருக்கு," என்றார். "போன ரெண்டு வருஷமும் நான் ரெண்டாவதா வந்தேன். நாளைக்கு ஓட்ட முடியாம போனா எனக்கு வருத்தம், அவ்வளவுதான். உங்களுக்கு அப்படி இல்லைன்னு தெரியும்."

தெரிந்துதான் வந்திருக்கிறார். அந்தக் கடிதம் மலை உச்சியில் படிக்கப்பட்டால் திங்கட்கிழமை எங்கள் வாசலில் ஒரு வண்டியும் நிற்காது. மூன்றே மாதத்தில் பட்டறையைப் பூட்டிவிட்டு, நான் ஆயுள் சாரிடமே போய்க் கை கட்டி நிற்க வேண்டியிருக்கும். அதை நினைத்தபோது மறுபடி காது சூடானது. கை மேஜையில் இடித்து ஒரு நட்டு கீழே விழுந்து உருண்டது. டாக்டர் குனிந்தார்.

"விடுங்க டாக்டர், அது தானா அந்த மூலைக்குப் போயிடும்," என்றேன் பழக்கத்தில். "புதுத் தரை. இப்பல்லாம் எது விழுந்தாலும் தேடற வேலையே இல்லை." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்பதையும் இங்கே மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

முதலில் நான் செய்தது எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். ஓட்டுகிறவர் மேல் பழியைப் போட்டேன்.

"காலையில வண்டியை எடுத்ததும் ஸ்போர்ட் பட்டனை அமுக்கறீங்களா?"

"பதினஞ்சு நிமிஷம் சாதாரணமா ஓட்டுவேன். கியர் பாக்ஸ் ஆயில் சூடானதுக்கப்புறம்தான் ஸ்போர்ட். நீங்க சொன்னதுதான்."

"மேலே போனதும் உடனே ஆஃப் பண்ணிடறீங்களா?"

"ரெண்டு நிமிஷம் மெதுவா ஓட்டி ஆற விட்டுட்டுத்தான். அதுவும் நீங்க சொன்னதுதான்."

நான் சொன்னதைக் கேட்டு நடக்கிற ஆள் எதிரே உட்கார்ந்திருந்தால் எனக்குக் கை கால் ஓடுவதில்லை. என் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் ஸ்போர்ட் மோடை பீரோவில் வைத்த நகை மாதிரி வைத்திருக்கிறார்கள். இருக்கிறது என்று சொல்லிக்கொள்வார்கள், போட்டுக்கொள்வது கிடையாது. மிச்சப் பேர் சாவியைத் திருப்பியதுமே அதை அமுக்கிவிட்டு, ஆறிக் கிடக்கும் வண்டியை அடித்து விரட்டுவார்கள். ஸ்போர்ட் மோடில் கியர் சீக்கிரம் மேலே ஏறாது, இஞ்சினை உச்சத்துக்கு இழுக்கும், உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் வேகமாகவும் இறுக்கமாகவும் பிடிக்கும். அத்தனை வேலையையும் செய்வது ஆயிலின் அழுத்தம்தான். ஆயில் சீக்கிரம் கொதிக்கும், சீக்கிரம் கிழடு தட்டும். இதைத் தெரிந்துகொண்டு அளவோடு ஓட்டுகிறவர் இந்த ஊரில் ஒருத்தர்தான். அவர் வண்டிதான் உதைக்கிறது என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

டாக்டர் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். "நோயாளிங்க வலிக்குதுன்னு மட்டும் சொன்னா எனக்குப் பிடிக்காது. எப்போ, எங்கே, என்ன பண்ணும்போதுன்னு கேப்பேன். அதனால எழுதி வெச்சேன்."

மலைப்பாதையில் மொத்தம் பத்தொன்பது வளைவு. இரண்டு நாள் பயிற்சியில் உதைத்த இடங்களை எண் போட்டு எழுதியிருந்தார். மூன்று, ஏழு, பன்னிரண்டு, பதினைந்து. மறுநாளும் மூன்று, ஏழு, பன்னிரண்டு, பதினைந்து. சாதாரண மோடில் ஒரு தடவைகூட இல்லை.

அதுவரை வாயைத் திறக்காமல் ஸ்கேனரோடு உட்கார்ந்திருந்த நாத்தனார் நோட்டை வாங்கி, போனில் மலைப்பாதையின் வரைபடத்தைத் திறந்து வைத்து விரலால் எண்ணினாள்.

"அண்ணி, இது நாலுமே வலது வளைவு. நல்லா சுத்தற வளைவு. இடது பக்கம் இதைவிட மோசமா சுத்தறது ரெண்டு இருக்கு, அங்கே ஒண்ணும் ஆகல."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தேய்ந்துபோன கியர் பாக்ஸுக்கு வலதும் இடதும் தெரியாது. கருகிய கிளட்ச் பிளேட்டு எல்லா வளைவிலும்தான் வழுக்கும், நேர் ரோட்டிலும் வழுக்கும். ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் கோளாறு வருகிறதென்றால், திரும்பும்போது இடம் மாறுகிற ஏதோ ஒன்றுதான் காரணம். கியர் பாக்ஸுக்குள் அப்படி இடம் மாறுவது ஆயில் மட்டும்தான். வலது பக்கம் திரும்பினால் ஆயில் இடது பக்கம் ஒதுங்கும். அளவு குறைவாக இருந்தால் பம்ப் ஆயிலுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும், பிடி விட்டுப்போகும்.

"ஆயில் கம்மியா இருக்கு," என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்த ஆயிலை ஊற்றியது யார் என்பது உறைத்தது.

டாக்டர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மதியம் வருவதாகக் கிளம்பினார். நாங்கள் வண்டியை லிஃப்டில் ஏற்றினோம். கியர் பாக்ஸில் ஆயில் அளவு பார்ப்பது இஞ்சின் ஆயில் பார்ப்பது போலக் குச்சியை விட்டு எடுக்கிற சமாச்சாரம் இல்லை. இந்த வண்டிகளில் குச்சியே கிடையாது. இஞ்சினை ஓடவிட்டு, எல்லா கியரையும் ஒரு சுற்று போட்டு, ஆயில் நாற்பது டிகிரிக்கு வந்ததும் பக்கவாட்டில் இருக்கும் மூடியைத் திறக்க வேண்டும். நூல் மாதிரி கொஞ்சமாக வழிந்தால் அளவு சரி. ஆயில் சூட்டில் உப்பும், குளிரில் சுருங்கும். பத்து டிகிரி தப்பினாலே அளவு தப்பிவிடும்.

நாத்தனார் ஸ்கேனரைப் பார்த்து, "முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, இப்போ" என்றாள். மூடியைத் திறந்தேன். நூல் மாதிரி வழிந்தது. எண்ணெய் சிவப்பாக, பளிச்சென்று இருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தேன், கருகிய வாசனை துளிகூட இல்லை.

"அளவு சரியாத்தான் இருக்கு," என்றாள்.

"சரியா இருந்தா ஏன் உதைக்குது? அன்னைக்கு நீ சூட்டைத் தப்பாப் பாத்திருப்பே."

"நானா? அன்னைக்கும் நாற்பதுதான். பதிவே இருக்கு, பாக்கறீங்களா?"

"உன் ஸ்கேனர் பொய் சொல்லும்."

"என் ஸ்கேனர் பொய் சொல்லாது அண்ணி. உங்களுக்கு உங்க கை மேல சந்தேகமே வராது, அதுதான் பிரச்சனை. அண்ணன் பாவம், அது பதினெட்டு வருஷமா இதையேதான் சொல்லுது."

அண்ணனை இழுத்தால் எனக்குத் தாங்காது. அவளுக்கும் தெரியும், அதனால்தான் இழுத்தாள். நான் ஸ்பேனரை மேஜை மேல் வைத்தேன், கொஞ்சம் பலமாகவே. மேஜை ஓரத்தில் இருந்த டப்பா கவிழ்ந்து, உள்ளே இருந்த சின்ன இரும்புக் குண்டுகள் தரையில் கொட்டின. கியர் பாக்ஸுக்குள் ஆயில் பாதையை அடைத்துத் திறக்கும் குண்டுகள், கடலை அளவு இருக்கும். நாத்தனார் பதறிப்போய்க் குனிந்தாள்.

"ஏன் பொறுக்கறே, எல்லாம் மூலைக்குத்தானே வரும்," என்றேன் எரிச்சலோடு.

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன். குண்டுகள் இருபதும் ஒன்றன் பின் ஒன்றாக, யாரோ கூப்பிட்டது போல, வடிகால் இருக்கும் மூலையைப் பார்த்து உருண்டுகொண்டிருந்தன. நாத்தனார் குண்டுகளைப் பார்த்தாள். பிறகு லிஃப்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

கையில் சிக்கிய ஒரு குண்டை எடுத்து லிஃப்டின் தட்டு மேல், வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அது ஒரு நொடி யோசித்தது. பிறகு மெதுவாக உருண்டு, வேகம் பிடித்து, தட்டின் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டது. ஆயில் மூடி இருக்கும் பக்கத்து ஓரம்.

இந்த இடத்தில் கொத்தனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்னால் பட்டறைத் தரையைப் புதிதாகப் போட்டோம். கழுவிவிடும் தண்ணீர் தேங்கக் கூடாது, எல்லாம் வடிகாலுக்கு ஓட வேண்டும் என்று நான் நின்றேன். "சரிவு ஓரத்துல மட்டும் போதும்மா, லிஃப்ட் நிக்கற இடம் மட்டமா இருக்கணும்" என்று கொத்தனார் சொன்னார். என் பட்டறையைப் பற்றி எனக்குச் சொல்லித் தருகிறாயா என்று ஆரம்பித்து, தெருவே எட்டிப் பார்க்கிற அளவுக்குப் பேசினேன். அவர் நான் சொன்னபடி செய்துவிட்டுப் போய்விட்டார். லிஃப்டைத் திரும்ப நிறுத்துகிற ஆள் இரண்டு நாள் கழித்துத்தான் வருவேன் என்றபோதும் எனக்குப் பொறுக்கவில்லை. நானே நிறுத்தி, நானே போல்ட்டை முறுக்கினேன். தண்ணீர் தேங்கவில்லைதான்.

வண்டி மூடிப் பக்கமாகச் சாய்ந்து நின்றிருக்கிறது. அதனால் ஆயில் நிறைவதற்கு முன்பே மூடி வழியாக வழிந்திருக்கிறது. சூடு சரி, ஸ்கேனர் சரி, கை சரி. நின்ற தரைதான் கோணல், அந்தக் கோணலைக் காசு கொடுத்துச் சண்டை போட்டு வாங்கியவள் நான்.

கொத்தனாருக்குப் போன் போட்டேன். "உங்க ரசமட்டத்தை எடுத்துக்கிட்டு ஒரு நடை வர முடியுமா அண்ணே?" என்றேன். யார் பேசுவது என்று மறுமுனையில் இரண்டு தடவை கேட்டார். நான் அவரை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அரை மணியில் வந்தார். ரசமட்டத்தை லிஃப்டின் தட்டு மேல் வைத்தார். கண்ணாடிக்குள் இருந்த குமிழி நடுவில் நிற்காமல் ஓரத்துக்கு ஓடி ஒளிந்துகொண்டது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வண்டியை இறக்கி, தாழ்ந்த பக்கத்து இரண்டு தூண்களின் போல்ட்டுகளைத் தளர்த்தி, அடியில் இரும்புத் தகடுகளைச் செருகினோம். ஒரு தகடு, ஒன்றரைத் தகடு, இரண்டு தகடு. கொத்தனார் குமிழியைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் ஒரு நூல்... இன்னும்... போதும்" என்றார். இரும்புக் குண்டைத் தட்டின் மேல் வைத்தேன். அது வைத்த இடத்தில் இருந்தது. விரலால் தள்ளிவிட்டேன். கொஞ்சம் போய் நின்றது. எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது, சந்தோஷத்தில்.

டாக்டர் மதியம் வந்தபோது வண்டி மறுபடி லிஃப்டில் இருந்தது. நாற்பது டிகிரி. மூடியைத் திறந்தேன். ஒரு சொட்டுகூட வழியவில்லை. பம்ப்பை வைத்துப் புது ஆயிலை ஏற்றினோம். நூல் மாதிரி வழிந்தபோது நாத்தனார் அளவைப் பார்த்தாள்.

"முக்கால் லிட்டர் குறைஞ்சிருக்கு அண்ணி," என்றாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "டாக்டர்கிட்ட சொல்லணுமா? ஷோரூம் சொன்னது தப்புன்னு மட்டும் சொன்னா போதுமே. அது உண்மைதானே."

உண்மைதான். கியர் பாக்ஸ் கெடவில்லை. ஆயிலை மாற்றியது தப்பில்லை. அவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் புதுத் தரை போட்ட பிறகு நான் ஆயில் ஊற்றிய வண்டி இது ஒன்றில்லை, இதோடு ஏழு. மற்ற ஆறு பேரும் ஸ்போர்ட் பட்டனைத் தொடாதவர்கள் என்பதால்தான் இன்னும் எதுவும் ஆகவில்லை. டாக்டர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பு என்னோடது டாக்டர்," என்றேன். தரை, லிஃப்ட், சரிவு, கொத்தனார் எல்லாவற்றையும் சொன்னேன். கொத்தனார் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, கச்சேரி கேட்பவர் போலத் தலையாட்டினார்.

"ஆப்பரேஷனுக்கு முன்னாடி டேபிள் மட்டமா இருக்கான்னு நாங்க பாப்போம்," என்றார். "ஒரு தடவை பாக்காம விட்டேன். அதுக்கப்புறம் விட்டதில்லை." பிறகு டாக்டர் கார் சாவியை என் கையில் வைத்தார். "நாளைக்கு நீங்க என் பக்கத்துல உக்காந்து வரணும். உதைச்சா ரெண்டு பேருக்கும் சேர்த்து உதைக்கட்டும்."

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. இந்த கியர் பாக்ஸ்களுக்கு மூளை உண்டு. எந்த கியருக்கு எவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும் என்று ஓட ஓடக் கற்றுக்கொள்ளும். பதினோரு நாளாக ஆயில் போதாமல் தடுமாறியபோது அது தப்பும் தவறுமாகக் கற்றிருந்தது. நாத்தனார் அதையெல்லாம் அழித்தாள். இனி அது முதலிலிருந்து கற்க வேண்டும். அதற்கு நிதானமாக ஓட்ட வேண்டும். மெல்ல மிதித்து ஒவ்வொரு கியராக ஏறி, பிரேக்கைத் தொட்டும் தொடாமல் உருண்டு வந்து நிற்க வேண்டும், திரும்பத் திரும்ப.

அன்று சாயங்காலம் ஊருக்கு வெளியே அகலமான ரோட்டில் டாக்டர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மணிக்கு இருநூற்றைம்பது போகிற வண்டி முப்பதில் ஊர்ந்தது. சைக்கிளில் காய்கறிக் கூடையோடு போன ஒருவர் எங்களைத் தாண்டிப்போய், திரும்பிப் பரிதாபமாகப் பார்த்தார். "தள்ளணுமா மேடம்?" என்று அக்கறையாகக் கேட்டார். டாக்டர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மலை அடிவாரத்தில் பளபளவென்று வண்டிகள். ஒன்றன் பின் ஒன்றாகத் தனித்தனியே மேலே ஏற வேண்டும், யாருடைய நேரம் குறைவோ அவர்தான் முதல். ஆயுள் சார் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். ஷோரூம் வண்டியை அவரே ஓட்டுகிறார், போன இரண்டு வருஷமும் அவர்தான் முதல். ஹெல்மெட்டோடு என்னைப் பார்த்ததும் அவருடைய புருவம் ஏறியது.

"நீயும் மேலே போறியா? உங்களை இழுத்துக்கிட்டு இறங்க டோ வண்டி சொல்லி வெச்சிருக்கேன், பயப்படாதே."

காது சூடானது. கையில் ஸ்பேனர் இல்லை என்பதால் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டேன்.

டாக்டர் பதினைந்து நிமிஷம் அடிவாரத்து ரோட்டில் சாதாரணமாக ஓட்டினார். ஆயில் சூடேறியது. புறப்படும் கோட்டுக்கு வந்து நின்று, நடுவில் இருந்த பட்டனை அமுக்கினார். முன்னால் இருந்த திரை சிவப்பானது. கொடி இறங்கியது.

முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது, ஒவ்வொன்றும் சுருக்கென்று விழுந்தது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு, இரண்டும் இடது. அடுத்தது மூன்று. வலது. என் கை தானாகக் கதவுப் பிடியைத் தேடியது. டாக்டர் பிரேக்கை மிதித்தார், கியர் தானாக இரண்டுக்கு இறங்கியது, வண்டி சரிந்து திரும்பியது, இஞ்சின் கர்ஜித்தது. பிடி விடவில்லை. ஒரு துளிகூட விடவில்லை.

"மூணு," என்றேன் சத்தமாக.

"எண்ணாதீங்க," என்றார் டாக்டர்.

எண்ணாமல் எப்படி? ஏழு. பிடித்தது. பன்னிரண்டு, வலது வளைவுகளில் அதுதான் ரொம்ப மோசம், பாறையைச் சுற்றி மேல்நோக்கித் திரும்புவது. வண்டி கயிறு கட்டி இழுத்த மாதிரி ஏறியது. பதினைந்தில் டாக்டர் கொஞ்சம்கூடத் தயங்காமல் மிதித்தார், கியர் பாக்ஸ் அவர் கால் நினைத்ததை அப்படியே செய்தது. பத்தொன்பதாவது வளைவைத் தாண்டி நேர் ரோட்டில் உச்சி தெரிந்தபோது நான் வாய்விட்டுக் கத்திக்கொண்டிருந்தேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. நல்ல வார்த்தைகள் இல்லை என்று டாக்டர் பிறகு சொன்னார்.

முடிவுக் கோட்டைத் தாண்டியும் டாக்டர் உடனே நிறுத்தவில்லை. ஸ்போர்ட் மோடை அணைத்து, இரண்டு நிமிஷம் மெதுவாக உருட்டி ஆற விட்டார். நான் சொன்னதுதான்.

கடைசி வண்டியும் ஏறி முடிந்ததும் செயலாளர் ஒலிபெருக்கியில் நேரங்களைப் படித்தார். எலும்பு டாக்டர் முதல். ஆயுள் சார் நான்கு நொடி பின்னால். நாத்தனார் மேலே ஏற்கெனவே வந்து நின்றிருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு, "அண்ணி, அண்ணி" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

செயலாளர் கையில் அந்தக் கடிதத்தின் காப்பி இருந்தது. அவர் ஒரு தடவை அதைப் பார்த்தார், ஒரு தடவை டாக்டரின் வண்டியைப் பார்த்தார். "கியர் பாக்ஸ் முழுசா போச்சுன்னு இதுல எழுதியிருக்கு," என்றார் சந்தேகத்தோடு. "அதே கியர் பாக்ஸ்தானா?"

"அதேதான்," என்றார் டாக்டர். "என்ன ஆச்சுன்னு இவங்க சொல்லுவாங்க."

ஒலிபெருக்கி என் கைக்கு வந்தது. நாற்பது பேரும் அவர்கள் குடும்பங்களும் என்னைப் பார்த்தார்கள். ஷோரூமைத் தோலுரிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ராத்திரி படுக்கையில் அதற்கான வசனமெல்லாம் தயார் செய்துகூட வைத்திருந்தேன்.

"கியர் பாக்ஸ் போகல," என்றேன். "ஆயில் முக்கால் லிட்டர் கம்மி. ஊத்தினது நான். என் பட்டறையில லிஃப்ட் நின்ன தரை கோணல், அதைக் கவனிக்காம அளவு பாத்துட்டேன். அந்தத் தரையில டாக்டர் வண்டியையும் சேர்த்து ஏழு வண்டிக்கு ஊத்தியிருக்கேன். மத்த ஆறு பேர்ல நாலு பேர் இங்கேயே நிக்கறீங்க. உங்க வண்டி எதுவும் உதைக்கல, ஏன்னா நீங்க யாரும் ஸ்போர்ட் மோடைத் தொடறதே இல்லை. டாக்டர் தொட்டாங்க, அதனாலதான் என் தப்பு வெளியே வந்துச்சு. ஆறு பேரும் வாங்க, மட்டம் பாத்து சரி பண்ணித் தர்றேன்."

ஒலிபெருக்கியைத் திருப்பிக் கொடுத்தேன். சரி, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது பின்னாலிருந்து மஞ்சள் வண்டிக்காரர் ஒருவர் கையைத் தூக்கினார். அவர் என்னிடம் ஒருநாளும் வந்தவர் இல்லை, ஷோரூமுக்கு மட்டுமே போகிறவர்.

"என் வண்டி எழுபதாயிரம் ஓடியிருக்கு," என்றார். "ஆயில் மாத்தவே வேண்டாம்னு சொன்னாங்க. திங்கட்கிழமை கொண்டு வரலாமா? தப்பு பண்ணா சொல்ற ஆள்கிட்ட விட்டா எனக்கு நிம்மதி."

பக்கத்தில் இன்னொருவர், "எனக்கும் ஒரு நேரம் குடுங்க" என்றார். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று நாத்தனார்தான் எழுதிக்கொண்டாள்.

ஆயுள் சார் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். அவர் பக்கத்தில் போய் நின்றேன். சண்டை போடப் போகிறேன் என்று நாத்தனார் பயந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நான் சண்டை போடவில்லை.

"சார், உங்க சர்வீஸ் லிஃப்ட் மட்டமா இருக்கா?" என்று கேட்டேன். "கடைசியா எப்போ பாத்தீங்க?"

அவர் சட்டைப் பையில் கார் சாவியைத் தேடினார். அவருக்குப் பதில் தெரியாது, தெரிந்திருக்கவும் முடியாது. ஆயில் மாற்றவே வேண்டாம் என்கிறவர் அந்த மூடியை ஒருநாளும் திறந்ததில்லை. திறந்தால்தானே வண்டி எதன் மேல் நிற்கிறது என்ற கேள்வி வரும். என் பதினெட்டு வருஷச் சண்டைகளில் குரலை உயர்த்தாமல் ஜெயித்தது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு நான் பட்டறைக்கு வந்தபோது வாசலில் ஒன்பது வண்டிகள் வரிசையாக நின்றன, கடைசியில் மஞ்சள் வண்டி. அவற்றுக்கு முன்னால், கையில் ரசமட்டத்தோடு கொத்தனார் நின்றிருந்தார்.

"தகடு ரொம்ப நாள் தாங்காதும்மா," என்றார். "லிஃப்ட் நிக்கற இடத்தை உடைச்சு மறுபடி போட்டுடலாம். இந்தத் தடவை எப்படிப் போடணும்?"

நாத்தனார் என் முகத்தையே பார்த்தாள். ஒன்பது வண்டிக்காரர்களும் பார்த்தார்கள்.

"நீங்க சொல்ற மாதிரி போடுங்க அண்ணே," என்றேன். சொல்லிவிட்டு, முதல் வண்டியை உள்ளே விடச் சொன்னேன்.